பயற்றம் பொடி தயாரித்தலும் அதில் விலக்கத்தக்க சரக்குகளும்

பொன்னேரி தாலூகாவில் சம்பா அறுவடைக்குப்பின், வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே பச்சைப்பயறு சாகுபடி செய்யும் வழக்கம் உண்டு. பயற்றைத் தூற்றிச் சலிக்குங்கால் உடைந்தனவும் சிறுத்தனவுமான மணிகள் ஒதுங்குகின்றன. வியாபாரிகள் இவற்றிற்குத் தக்க விலை கொடுப்பதில்லை. ஆயினும் குளியல் பொடிக்கு இவை முழுப்பயற்றைப் போன்றே பயன்படும். வண்டு துளைத்ததும் பூசணம் பிடித்ததும் ஆகாது. விதைநேர்த்தி மருந்து கலந்து மிஞ்சிய பயற்றை எக்காரணத்தைக் கொண்டும் அரைக்கலாகாது. கழுவினாலும் அம்மருந்து முற்றிலும் நீங்குமென்று நம்புவதற்கில்லை.

சவர்க்காரம் காரகுணமுடையது. மனிதர் தோலோ இலேசான புளிப்புத் தன்மை வாய்ந்தது. ஆகையால் அடிக்கடி சவர்க்காரம் தேய்ப்பவர்க்குத் தோல் வறண்டு வெடிக்கிறது. பயற்று மாவில் அத்தகைய காரம் இல்லை. அதிலுள்ள மாப்பொருளும் புரதமும் எண்ணெயையும் அழுக்கையும் பற்றிக்கொண்டு நீருடன் வெளியேறுகின்றன.

1 கிலோ பயற்றுக்குக் கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், பூலாங்கிழங்கு ஒவ்வொன்றும் 50 கிராமும், நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ 100 கிராமும் போதுமானவை. வெட்டிவேர் நார் மிகுந்ததாகையால், மண்போக அலசி, பொடியாக நறுக்கி, நன்கு காய்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். மற்றவற்றையும் ஈரமின்றி உலர்த்தி, அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்க. மாவு இயந்திரத்தில் அரைப்போர் அதற்கு முன் மிளகாய் அரைபட்டதா என்பதை விசாரிப்பது நலம். இதில் ஏமாந்தவர்கள் மறுமுறை விசாரிக்கத் தவறுவதில்லை.

இனிக் கூறப்போவதே முக்கியமானது. நாட்டு மருந்துக் கடைகளில் குளியல் பொடிக்கென்று கட்டித்தரும் சரக்குகளில் கார்போக அரிசி என்பதும் பெரும்பாலும் இருக்கும். பெயரில் அரிசி என்றிருப்பினும் இது நெல்லரிசியன்று. கறுத்துச் சிறுத்த ஒரு செடியின் விதையாகும். இதிலுள்ள சோரலென் என்னும் பொருள் தோலிற் படிந்திருக்கையில் வெயில் பட்டால், சூரியனின் புற ஊதாக் கதிர்களால் அது தூண்டப்பட்டுத் தோலைப் புண்படுத்துகிறது. இந்தக் குணத்தையே மருத்துவர்கள் நன்மைக்கும் பயன்படுத்தியுள்ளனர். வெண்குட்டத்திற்கு இவ்விதையை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். சோரலெனுடன் புற ஊதாக் கதிரைச் சேர்த்துக் காளாஞ்சகப்படை நோய்க்குச் சிகிச்சையளிக்கும் முறை 1974-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஆனால் அங்கே அளவும் நேரமும் மருத்துவர் கணக்கிட்டுக் கொடுப்பவை. காலையில் பொடி தேய்த்துக் குளித்துவிட்டுப் பகல் முழுதும் களையெடுக்கும் பெண்ணுக்கு அவ்வித அளவு ஏது?

இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. தேய்த்த அன்றே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்தே தோல் சிவந்து எரியும்; சிலருக்குக் கொப்புளமும் எழும். ஆறியபின் கருமை பல வாரங்கள் நிற்கும். ஆதலால் குற்றம் வெயிலின்மேலோ தெளித்த பூச்சிமருந்தின்மேலோ சுமத்தப்பட்டு, பொடி மட்டும் வீட்டில் வழக்கம்போல் தேய்க்கப்பட்டு வருகிறது. நிறம் வேண்டித் தேய்த்த பொடியே நிறத்தைக் கெடுப்பது இவ்வாறுதான்.

எலுமிச்சைச் சாறும் அதன் தோற்பொடியும் இவ்வகையினவே. வயல்வேலை செய்வோரும், இருசக்கர வாகனத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்வோரும் இம்மூன்றையும் அறவே விலக்குவது நன்று. கொப்புளம் கண்டவர்கள் வெயிலில் செல்லாதிருந்து, மருத்துவரிடம் காட்டும்போது பொடியில் சேர்ந்த சரக்குகளையும் தெரிவிக்க வேண்டும்.

கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளின் பொடி விற்கப்படுவதுண்டு. உண்மைக் கிழங்கு கர்ப்பூர மணமுடையது. சமையல் மஞ்சளைப் போல் கையில் அழுத்தமாகக் கறைபடியாது. ஆகையால் பொடியாக வாங்காது கிழங்காகவே வாங்குக.

முதன்முறை முன்கையின் உட்புறத்தில் சிறிது குழைத்துப் பூசி, ஒருநாள் பார்த்தபின் உபயோகிக்கலாம். ஈரக்கை படாமல் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் 3 மாதம் இருக்கும். குழைத்து மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தல் கூடாது, பூசணம் பிடிக்கும்.

மகளிர் சுயஉதவிக் குழுவினர் சிலர் இதை விற்பனைக்கும் தயாரிக்க முன்வரலாம். அங்ஙனமாயின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உற்பத்திக்கு முன்னரே உரிமம் பெறுதல் வேண்டும் என்பதைக் கிராம அதிகாரிகள் அவர்களுக்குத் தெரிவிப்பார்களாக.