தலைவர் இல்லாத நாளில் சங்கம் நடக்குமா?

(குழுக்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

நமது ஊர்ச் சங்கங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. கூட்டத்துக்குச் சனம் வந்து பாயில் இருந்துவிட்டது. ஆனால் கணக்குக் கொப்பி செயலாளரின் வீட்டு அலுமாரிக்குள். அவரோ காலையிலேயே வவுனியாவுக்குப் பஸ் ஏறிவிட்டார். பசளைக்குக் கொடுத்த கடனில் யார் யாருக்கு எவ்வளவு நிலுவை என்று கேட்டால், "அது அவருக்குத்தான் தெரியும்" என்பதே பதில். ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு எல்லோரும் எழுந்து போகிறோம்.

இடம்பெயர்வை அறிந்த நமக்கு இது சின்ன விடயம் அல்ல. 1990இல் நம்மவர்கள் மடுவுக்கும் கடல் கடந்து இராமேஸ்வரத்துக்கும் ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் நமது முஸ்லிம் சகோதரர்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனார்கள். 2007, 2008ஆம் ஆண்டுகளில் முசலி, மாந்தைப் பக்கத்து ஊர்கள் காலியாயின. ஒவ்வொரு முறையும் கொப்பி ஒரு பக்கம் போனது, கொப்பி எழுதியவர் வேறு பக்கம் போனார். திரும்பி வந்தபோது எல்லைக் கல் எங்கே, எந்த வாய்க்கால் எந்த வயலுக்கு முதலில் பாயும், யார் எவ்வளவு பங்கு கட்டியிருந்தார் என்று சொல்ல ஆளில்லை. அந்தச் செல்வத்தை எந்தக் கள்வனும் திருடவில்லை. ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருந்தபடியால் அவரோடு அது போய்விட்டது.

கணனிக்காரரிடம் ஒரு பாடம்

இதே நோய் கணனித் துறையிலும் உண்டு. கைத்தொலைபேசியையும் வங்கி இயந்திரத்தையும் இயக்குவது, வரி வரியாக எழுதப்பட்ட கட்டளைகள். அவற்றை மென்பொருள் என்கிறோம். ஒரு மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதில் ஒரு பகுதி ஒருவருக்கு மட்டுமே விளங்குமானால், அவர் வேலையை விட்டுப் போன அன்று அந்தப் பகுதியைத் திருத்த எவராலும் முடியாது.

ஆகவே அனுபவமுள்ள முகாமையாளர்கள் தங்களிடமே கடுமையான ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "நம்மில் எத்தனை பேரை பஸ் அடித்தால் இந்த வேலை நின்றுபோகும்?" விடை "ஒருவர்" என்றால் வேலை ஆபத்தில் இருக்கிறது. இதைத் தவிர்க்க அவர்கள் மூன்று வழக்கங்களை வைத்திருக்கிறார்கள்.

1. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துப் பார்த்த பின்னரே அது சேர்க்கப்படும். பிழையும் பிடிபடும், இருவருக்கு விளங்கியும் விடும்.

2. நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரத்துக்குள் முடியும் சிறு கூட்டம். என்ன செய்தேன், என்ன செய்யப் போகிறேன், எது தடையாக நிற்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். பலர் நின்றபடியே பேசுவார்கள். இருந்தால் கூட்டம் நீளும்!

3. பிழை நடந்தால் "யார் செய்தது?" என்று தொடங்குவதில்லை. "இது எப்படி நமது கண்ணில் படாமல் போனது?" என்று கேட்கிறார்கள். பழிக்குப் பயந்தவன் பிழையை மறைப்பான். மறைத்த பிழையிலிருந்து ஒருவரும் படிக்க முடியாது.

தென்காசியில் ஒரு பள்ளி

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம். தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு சென்னையிலும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1996இல் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். அது 2009 முதல் சோஹோ என்ற பெயரில் நடக்கிறது. 2019இல் அவர் தென்காசி அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் குடியேறினார். 2025 சனவரியில் தலைமைப் பதவியை மற்றவரிடம் விட்டு ஆராய்ச்சிப் பணிக்குப் போனார்.

நமக்குப் படிப்பினையாவது அவர்கள் 2005இல் தொடங்கிய பள்ளி. வேலையில் ஒருவர் காட்டும் திறமைக்கும் அவர் வாங்கிய பட்டத்துக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். பாடசாலைப் படிப்பை முடித்த பிள்ளைகளைச் சேர்த்துக் கணிதம், ஆங்கிலம், கணனி எழுத்து ஆகியவற்றைப் படிப்பிக்கிறார்கள். கட்டணம் இல்லை; மாதாந்தம் உதவித்தொகையும் உண்டு. பிறகு அனுபவசாலிகளின் பக்கத்தில் இருந்து செய்து பழகுகிறார்கள். அவருடைய எல்லாக் கருத்துக்களையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. இலாபம் தேடும் நிறுவனம் வேறு, ஏழைகளின் சங்கம் வேறு. ஆயினும் தெரிந்தவரைத் தேடித் திரியாமல், தெரியாதவருக்குப் படிப்பிப்பதும் தலைமையின் வேலை என்பதை இதில் காண்கிறோம்.

மோசேக்கு மாமனார் சொன்னது

இந்தப் பாடம் புதியதல்ல. விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த மக்களும் ஊரை விட்டுப் புறப்பட்டு வனாந்தரத்தில் கூடாரம் அடித்திருந்தவர்களே. காலை தொடக்கம் மாலை வரை வழக்குகளோடு அவர்கள் வரிசையில் நிற்க, மோசே தனியே இருந்து தீர்ப்புச் சொன்னார். பார்க்க வந்த மாமனார் இத்திரோவுக்கு இது சரியாகப் படவில்லை. நீயும் களைப்பாய், சனமும் களைக்கும் என்றார். மக்களுக்கு நெறிமுறைகளைக் கற்றுக் கொடு. கடவுளுக்கு அஞ்சி, கைக்கூலியை வெறுக்கும் நேர்மையானவர்களை ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குப் பொறுப்பாக வை என்று வழி காட்டினார். மோசே அதைக் கேட்டுச் செய்தார். அவ்வளவு பெரிய தலைவர் மாமனாரின் புத்திமதியைக் கேட்டாரே, அதுவும் தலைமைக்கு அடையாளம்.

நமக்குள் இருக்கும் பயம்

"எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் பிறகு என்னை யார் மதிப்பார்கள்?" இந்தப் பயம் பல தலைவர்களுக்கு உண்டு. குருக்களாகிய நமக்கும் உண்டு. பணத்துக்கு நமது ஒப்பம், திட்டத்துக்கு நமது கடிதம் என்று வைத்துக்கொண்டோம். இடமாற்றம் வந்து நாம் போனதும் தையல் நிலையம் பூட்டிக் கிடந்தது. சனத்துக்கு அக்கறை இல்லை என்று அப்போது குறை சொன்னோம். அக்கறை இருந்தது, திறப்புத்தான் நம்மிடம் இருந்தது.

இனி என்ன செய்யலாம்?

வயலில்: அருவியாற்றுத் தண்ணீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால்களில் பிரிகிறது. உங்கள் வாய்க்காலின் முறையும் துருசு திறக்கும் விதமும் எத்தனை பேருக்குத் தெரியும்? காலபோகம் தொடங்குமுன் இளைஞர் ஒருவரையும் பெண் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி வரை நடந்து காட்டுங்கள்.

சங்கத்தில்: கணக்குக்கு இரண்டு கொப்பி, இரண்டு வீடு. மாதம் ஒரு முறை பொருளாளர் அல்லாத ஒருவர் கணக்கை உரத்து வாசிக்கட்டும். பிழை கண்டால் ஆளைத் தாக்க வேண்டாம். அது மறுபடி நடவாத வழியைத் தேடுங்கள்.

வீட்டில்: காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ எங்கே இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்பது மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரியுமா? அனுமதிப்பத்திரக் காணியானால், பின்னுரித்தாளரின் பெயர் பிரதேச செயலகத்தில் பதியப்பட்டிருக்கிறதா? கணவனை இழந்து, காணித் துண்டின் இலக்கமும் தெரியாமல் கந்தோர் கந்தோராக அலையும் தாய்மாரை நாம் அறிவோம். அந்த அலைச்சலை ஒரு மாலைப்பொழுதுப் பேச்சு தடுத்திருக்கும்.

நல்ல தலைவர் யார்? அவர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும் தண்ணீர் முறைப்படி பாயும். கூட்டம் நேரத்துக்குக் கூடும். கணக்குச் சரியாக இருக்கும். திரும்பி வரும்போது தனக்கு வேலை குறைந்திருப்பதைக் கண்டு அவர் சந்தோசப்படுவார்.

குழுவில் கலந்துரையாட

1. நமது சங்கத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த காரியங்கள் எவை? பட்டியல் எழுதுங்கள்.

2. அவற்றில் ஒன்றை அடுத்த கூட்டத்துக்கு முன் யார் யாருக்குப் பழக்குவார்? பெயரும் திகதியும் குறியுங்கள்.

3. பிழை ஒன்றை ஒப்புக்கொண்டவரை நாம் கடைசியாக எப்படி நடத்தினோம்?

4. நமது வீட்டில் எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று இன்று இரவே யாருக்குச் சொல்லப் போகிறோம்?