தீக்குச்சியும் மவுஸும்: மணிக்கட்டு வலியைத் தடுப்பது எப்படி?

கோவில்பட்டியில் வீட்டிலேயே டி.டி.பி. வேலை செய்து வருகிறேன். கல்யாண சீசனில் பத்திரிகை, நோட்டீஸ் என்று தினமும் பத்து மணி நேரம் கீபோர்டும் மவுஸும்தான். ஒருநாள் நடுராத்திரியில் பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் விழித்துக்கொண்டேன். கையை உதறியதும் சரியாகிவிட்டது. நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து டீ டம்ளர் கையிலிருந்து நழுவியபோதுதான் பயம் வந்தது.

அத்தை சிரித்தார். “ஏய்யா, ஒரு நாளும் கட்டை அடுக்காத கைக்கு என்னய்யா வந்துச்சு?”

அத்தை தீப்பெட்டி ஆபீசில் இருபது வருடம் கட்டை அடுக்கியவர். பள்ளம் வெட்டிய மெல்லிய மரச் சட்டங்களில் குச்சிகளை வரிசையாகப் பரப்பி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இறுக்குவார்கள். அதன் பிறகுதான் மருந்தில் முக்குவது. இப்போது பல இடங்களில் இதை மெஷின் செய்கிறது. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் இடையில் யாரும் கையை நிறுத்த மாட்டார்கள்.

தீக்குச்சிக்கு எடை இல்லை. மவுஸ் கிளிக்குக்கும் இல்லை. பிறகு ஏன் வலி? மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி உள்ளது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. கையை மடக்கியபடியே ஒரே அசைவைத் தொடர்ந்து செய்தால் உள்ளே அழுத்தம் கூடி நரம்பு நசுங்கும். எனக்கு வந்த இந்தப் பிரச்சினைக்கு கார்பல் டனல் என்று பெயர். அத்தைக்கோ பெருவிரல் பக்கத் தசைநாண் உறையில் வலி. 1895ல் சுவிட்சர்லாந்து டாக்டர் டி குவர்வேன் விவரித்தது இதைத்தான். பெருவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தால் பெருவிரலின் அடியில் சுள்ளென்று வலிக்கும். கம்ப்யூட்டர் வந்ததால் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். ஓயாமல் எழுதும் குமாஸ்தாக்களின் கை வலியைப் பற்றி இத்தாலி டாக்டர் ரமாசினி 1713லேயே எழுதிவிட்டார்.

நான் முதலில் செய்தது தவறு. விண்டோஸ் செட்டிங்ஸில் மவுஸ் பிரிவுக்குச் சென்று, பிரைமரி பட்டனை வலது பக்கமாக மாற்றி இடது கையில் பிடித்தேன். ஒரே மாதத்தில் இடது கையும் வலித்தது! கையை மாற்றினால் போதாது, இடைவெளி வேண்டும். ஒர்க்ரேவ் என்ற இலவச புரோகிராமினை இறக்கி இன்ஸ்டால் செய்திடவும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். நான் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அரை நிமிடம் என்று செட் செய்திருக்கிறேன். அவசர வேலையில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வலித்த பிறகு நிறுத்துவதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். மணிக்கட்டு நேராக நிற்கும். மவுஸை கீபோர்டை ஒட்டியே வையுங்கள்.

மரப்பு பகலிலும் தொடர்ந்தாலோ பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டவும். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க டாக்டர் தந்த பட்டைதான் எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அத்தை இப்போது வீட்டில் தீப்பெட்டிகளை அடுக்கித் தாள் சுற்றி ஒட்டுகிறார். பசைக் கிண்ணத்தை எட்டி எடுக்காதபடி பக்கத்தில் நகர்த்தி, பலகையின் உயரத்தைக் கூட்டினோம். மொபைலில் அரை மணிக்கு ஒரு அலாரமும் வைத்துக் கொடுத்தேன். அடித்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். பெருவிரல் வலி குறைந்துவிட்டது. நாளைக்கு இரண்டு கட்டு குறைகிறது என்று மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.