கானாடுகாத்தானிலிருந்து தில்லி மேல்சபைக்கு

நம் விக்கிரமங்கலம் பகுதிப் பிள்ளைகள் பலர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அப்பெயருக்கு உரியவர் லேவாதேவிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1881 செப்டம்பர் 30-இல் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். அக்காலத்தில் நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வட்டிக்கடை வைத்திருந்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாக உயர்வார். மேலாளுக்கு மூன்றாண்டுத் தவணை. முதலாளி ஊரில் இருந்தபடியே ஐந்தொகையைப் பார்த்துக் கடையின் நிலையை அறிவார். கணக்குத்தான் அவருக்குக் கண்.

1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வெள்ளைக்கார நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. மக்கள் நம்பிப் போட்ட பணம் ஆபத்தான முதலீடுகளில் முடங்கிப் போயிருந்தது. வாழ்நாள் சேமிப்பை இழந்து பலர் தவித்தனர். சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

அந்த அடியிலிருந்து எழுந்ததே இந்தியன் வங்கி. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முன்னின்றார். நகரத்தார் துணை நின்றனர். 1907-இல் வங்கி திறக்கப்பட்டது. செட்டியாரின் தமையனார் இராமசாமி செட்டியார் முதல் இயக்குநர்களுள் ஒருவர். அண்ணாமலை செட்டியாரும் அவ்வங்கியை வளர்த்தவர். 1969-இல் அது அரசுடைமையாயிற்று.

செட்டியார் சென்னைச் சட்டசபையிலும், பின்னர் தில்லி மேல்சபையான கவுன்சில் ஆப் ஸ்டேட்டிலும் உறுப்பினரானார். அந்நாளில் மேல்சபைக்கு வாக்களிக்கும் உரிமை பெரும்பாலும் பெருஞ்செல்வர்க்கே இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆனால் பொதுமக்கள் அவரை இன்றும் நினைப்பது பதவிக்காக அன்று. 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் பல்கலைக்கழகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வழங்கினார். தமிழிசை இயக்கத்துக்கும் தூணாக நின்றார். 1948-இல் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்? நம்மில் சிலர் கடையில் தீபாவளிச் சீட்டுப் பிடிக்கிறோம். வாரந்தோறும் கூலிவேலை செய்யும் பெண்கள் கொண்டுவந்து தரும் பணம் அது. அதைச் சரக்கில் போட்டாலும் மனையில் போட்டாலும் நாம் சிறிய அர்பத்நாட் ஆகிவிடுவோம். தனிப் பேரேடு, தனி வங்கிக் கணக்கு, மாதம் ஒரு முறை சரிபார்ப்பு ஆகிய மூன்றும் வேண்டும். அனுமதியற்ற வைப்புத் திட்டங்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்துள்ளது. எனவே சீட்டைத் தொடங்குமுன் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்வோம்.

பெரிய பதவி எல்லோருக்கும் கிட்டாது. பிறர் பணத்தைப் பிறர் பணமாகவே வைத்திருக்கும் நாணயம் நம் எல்லோர்க்கும் கைகூடும்.