படகு மோட்டார் ஈரத்தில் மக்கர் பண்ணாமல் இருக்க...

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்சாஸைப் புரட்டிப் போட்டது. நெடர்லாந்து என்ற ஊரில் மட்டும் 60.58 அங்குல மழை. ஹூஸ்டன் தெருக்களில் அப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படகுகளில் பல, மீன் பிடிக்கவென்று வீட்டில் வைத்திருந்த சின்ன அலுமினியப் படகுகள். பார்னகாட் விரிகுடாவுக்கு நண்டு பிடிக்கப் போகும் நியூ ஜெர்சிக்காரர்களிடம் இருப்பதும் அதே ரகம்தான். மேலே விழும் மழை இந்தப் படகுகளின் மோட்டாரை ஒன்றும் செய்யாது. பெட்ரோலிலும் பிளக்கிலும் கியர் பெட்டியிலும் நுழையும் தண்ணீர்தான் எமன்.

1. நடு ஏரியில் மோட்டார் நின்றால் முதல் சந்தேகம் பெட்ரோல் மேல் விழட்டும். அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அடிப் பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். கீழே தனி அடுக்காக ஏதாவது நின்றால் அந்தப் பெட்ரோல் உதவாது. அதைச் சாக்கடையில் கொட்டாமல் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

2. விலை குறைவு என்று 'அன்லெடட் 88' போடாதீர்கள். அதில் 15 சதவீதம் வரை எத்தனால் உண்டு. படகு மோட்டாருக்கு அதைப் போடச் சட்டமே அனுமதிப்பதில்லை.

3. டேங்க் மூடியில் காற்றுத் திருகு இருந்தால், ஓட்டும்போது அதைத் திறந்து வையுங்கள், நிறுத்தியதும் மூடுங்கள். ஓட்டும்போது மூடியே இருந்தால் சற்று நேரத்தில் பெட்ரோல் வராமல் மோட்டார் நின்றுவிடும். பாதிப் பேர் மெக்கானிக்கிடம் ஓடுவது இதற்காகத்தான்!

4. ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் தொப்பிக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவினால் ஈரம் அண்டாது. மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் ஜிப் பையில் போட்டுப் படகிலேயே இருக்கட்டும்.

5. மோட்டாரின் பக்கவாட்டில் பென்சில் கனத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது மெலிந்தால் உடனே அணையுங்கள். வெள்ள நீரில் பிளாஸ்டிக் பையோ பாசியோ உறிஞ்சு வாயை அடைத்திருக்கும். அதை எடுத்தும் சரியாகவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓட்டினாலே அது கருகிவிடும்.

6. சான் பிரான்சிஸ்கோ விரிகுடா மாதிரி உப்பு நீரில் ஓட்டினால், வீடு திரும்பியதும் தோட்டக் குழாயை மாட்டிப் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். மோட்டாரை இயக்கித்தான் கழுவ வேண்டும் என்றால் திறந்த வெளியில் செய்யுங்கள். கராஜுக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும்.

7. மோட்டாரே தண்ணீரில் மூழ்கிவிட்டதா? அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். உப்பு நீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அவசர நிறுத்தக் கயிற்றை உருவிவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். உள்ளே போன தண்ணீர் கொப்பளித்து வெளியே வரும். கயிறு இறுகினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தாலோ அதோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே ராடு வளைந்திருக்கக்கூடும். எளிதாகச் சுற்றினால் கார்புரேட்டரைக் காலி செய்து, துளைகளில் டபிள்யூடி-40 அடியுங்கள். 1953-இல் சான் டியேகோவில் பிறந்து, ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் காத்த சரக்கு அது. ஆவி அடங்கியதும் காய்ந்த பிளக்கும் புதுப் பெட்ரோலும் போட்டு அன்றைக்கே ஓட்டிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் பேரிங்கில் துரு ஏறிவிடும்.

8. அந்த நிறுத்தக் கயிறு அலங்காரத்துக்கு அல்ல. 26 அடிக்குக் குறைந்த படகில் வேகமெடுக்கும்போது ஓட்டுநர் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டாட்சிச் சட்டம்.

9. குளிர் தொடங்குமுன் கியர் ஆயிலைச் சொட்டு வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கலாம். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, சீலையும் மாற்றுங்கள். நியூ ஜெர்சிக் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து கியர் பெட்டியையே பிளந்துவிடும். மோட்டாரை நிமிர்த்தியே வையுங்கள், குளிரூட்டும் பாதையில் மிச்சமிருக்கும் தண்ணீர் தானாக வடியும்.