சென்டர் லாக்கில் இன்னொரு மோட்டாரை ஓட்டலாமா?

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கீலெஸ் என்ட்ரி கிட் ஒன்றை வாங்கிப் பிரித்தால், உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு மாட்யூல், இரண்டு ரிமோட், கதவுகளுக்கான ஆக்சுவேட்டர்கள், ஒரு கொத்து வயர் ஆகியவை இருக்கும். மாருதி 800, பழைய ஆல்டோ போன்ற கார்களின் அடிப்படை மாடல்களில் கம்பெனியே சென்டர் லாக் தரவில்லை. அதனால் வெளியில் வாங்கிப் பொருத்துவது இங்கே பழக்கமாகிவிட்டது. பட்டனைத் தட்டினால் நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் வயரிங் தெரிந்தவர்களுக்கு அடுத்த யோசனை வந்துவிடும். இதே வயரிலிருந்து டிக்கிக்கு ஒரு மோட்டார், பின் கண்ணாடித் திரைக்கு ஒரு மோட்டார், வேன் படிக்கு ஒரு மோட்டார் என்று கொடுத்தால் என்ன?

யோசனை நல்லதுதான். அதைச் சுற்றிப் புழங்கும் சில நம்பிக்கைகள்தான் மாட்யூலையும் வயரையும் கருக்குகின்றன.

"பவர் ரிமோட்டிலிருந்துதான் வருகிறது"

பெரும்பாலான ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி. அது 3 வோல்ட், ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி. இந்தியாவில் விற்கும் ரிமோட்டுகள் பொதுவாக 433.92 மெகாஹெர்ட்ஸில் ஒரு குறியீட்டை அனுப்புகின்றன. அவற்றின் வேலை அவ்வளவுதான். கதவைப் பூட்டும் சக்தி முழுவதும் காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே வருகிறது. 1982-இல் ரெனோ ஃபுவேகோ கார் ரிமோட் பூட்டுடன் வந்தபோதும் இதே கதைதான். அப்போது குறியீட்டைச் சுமந்தது ரேடியோ அலை அல்ல, அகச்சிவப்பு ஒளி.

காற்று வழியாகச் சக்தி போவதும் காரில் உண்டு. ஆனால் அது எதிர்த்திசையில், காரிலிருந்து சாவிக்குப் போகிறது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள கார்களில் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் இருக்கும். பல கார்களில் அது 125 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத்தால் சாவிக்குள் உள்ள சில்லுக்கு உயிர் கொடுக்கிறது. புஷ் ஸ்டார்ட் கார்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ரிமோட் பேட்டரி தீர்ந்த நாளில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தாலும், சில மாடல்களில் அதற்கென்று உள்ள இடத்தில் வைத்தாலும் வண்டி கிளம்புவது இதனால்தான். அந்தச் சக்தி ஒரு சில்லுக்குப் போதும். மோட்டாரை அது அசைக்கவும் செய்யாது.

"மாட்யூலில் 12 வோல்ட் வருகிறது, 12 வோல்ட் மோட்டார் எதுவும் ஓடும்"

அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை இது. ஆக்சுவேட்டருக்குப் போகும் இரண்டு வயர்களை மல்டிமீட்டரில் சோதித்தால் விஷயம் தெரியும். சும்மா இருக்கும்போது இரண்டு வயர்களுமே எர்த்தில்தான் இருக்கும். பூட்டும் பட்டனை அழுத்தினால் ஒரு வயரில் மட்டும் ஏறத்தாழ அரை வினாடிக்கு 12 வோல்ட் வந்து போகும். திறக்கும் பட்டனுக்கு இன்னொரு வயரில் வரும். போலாரிட்டி மாறுவதால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. கதவு லாக்குக்கு அந்த அரை வினாடி தாராளம். பல கிட்டுகளில் இந்த நேரத்தை 3.5 வினாடி அளவுக்கு மாற்றும் வசதியும் இருக்கும். அது பழைய மெர்சிடிஸ் போன்ற கார்களில் காற்றழுத்தத்தால் இயங்கிய பூட்டுகளுக்காக வைத்தது.

இந்த வயர்களில் திரை மோட்டாரைக் கொடுத்தால் அரை வினாடி சுற்றிவிட்டு நின்றுவிடும். இரண்டு முனைகளும் மறுபடி எர்த்துக்குப் போவதால் மோட்டாரே தனக்குப் பிரேக் போட்டுக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல் கரன்ட். லாக் மாட்யூலுக்கு வழக்கமாக 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ்தான் கொடுப்பார்கள். பவர் விண்டோவுக்கு 20 முதல் 30 ஆம்பியர் பியூஸ் வேண்டும். எந்த மோட்டாரும் கிளம்பும் கணத்திலும், தடைபட்டு நிற்கும்போதும், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். மாட்யூலுக்குள் இருக்கும் சிறிய ரிலேயின் முனைகள் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொண்டால், ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. பொம்மைகளில் வரும் 3 வோல்ட், 6 வோல்ட் மோட்டாராக இருந்தால் 12 வோல்ட்டிலேயே கருகிவிடும்.

டிக்கிக்கென்று தனி வயர் தரும் மாட்யூல்களிலும் கவனம் வேண்டும். பலவற்றில் அந்த வயரில் வருவது 12 வோல்ட் அல்ல, பலவீனமான எர்த் சிக்னல். ஒரு ரிலே காயிலை இழுக்க மட்டுமே அது போதும். நேராக மோட்டாரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும்.

சரியான வழி எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் கிடைக்கும் 12 வோல்ட் ரிலேதான். 85, 86 என்ற முனைகளில் மாட்யூலின் சிக்னலைக் கொடுக்க வேண்டும். காயில் இழுப்பது ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் மட்டுமே. 30, 87 முனைகள் வழியாக பேட்டரியின் கரன்ட் மோட்டாருக்குப் போகும். மோட்டார் இருபுறமும் சுற்ற இரண்டு ரிலே வேண்டும். அரை வினாடிக்கு மேல் ஓட டைமர் ரிலே வேண்டும். நகர்வின் இரு கடைசியிலும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் இல்லாமல் வேலையை முடிக்கக் கூடாது. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடும் அவசியம். காயில் அணையும்போது எழும் மின்னழுத்தம் நூறு வோல்ட்டையும் தாண்டலாம், மாட்யூலின் டிரான்சிஸ்டரை அது பலி வாங்கும்.

"பியூஸ் போகிறதா? பெரிய பியூஸ் போடு"

பியூஸ் காப்பது வயரை. 10 ஆம்பியர் தாங்கும் வயரில் 30 ஆம்பியர் பியூஸைச் செருகினால், முதலில் எரிவது வயராகத்தான் இருக்கும். "12 வோல்ட்தானே" என்ற அலட்சியமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 120 வாட் மோட்டார் வீட்டு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுத்தால், காரில் 10 ஆம்பியர் இழுக்கும். ஷாக் அடிக்காவிட்டாலும் சூடு உண்டு. ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஆகவே மோட்டாருக்கான வயரைத் தனியாக இழுத்து, அதன் பியூஸை பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள்.

"வண்டி நின்றால் கரன்ட் போகாது"

ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ரிசீவர் தூங்குவதில்லை. அதன் செலவு சிறியது. ஆனால் தவறான இணைப்பால் ஒரு ரிலே மட்டும் இழுத்தபடியே நின்றுவிட்டால், 150 மில்லி ஆம்பியர் வீதம் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளுக்குள் காலி. வண்டி ஸ்டார்ட் ஆக மறுப்பது அதற்கும் முன்பே நடக்கும்.

வேலை முடிந்ததும் இதைச் சோதித்துவிடுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணையுங்கள். மீட்டர் தொடர்ந்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் புதிய இணைப்பை அவிழ்த்துப் பாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.