அடுக்கு ஒன்றானால்தான் கூட்டல்

பூமியின் பொருண்மை 5.97 × 10²⁴ கிலோகிராம். நிலாவின் பொருண்மை 7.35 × 10²² கிலோகிராம். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு?

சில மாணவர்கள் 5.97-ஐயும் 7.35-ஐயும் கூட்டி 13.32 என்பார்கள். பிறகு 24-ஐயும் 22-ஐயும் கூட்டி 13.32 × 10⁴⁶ என்று விடை எழுதிவிடுவார்கள். இது சரியென்றால், பூமியும் நிலாவும் சேர்ந்து நம் பால்வீதி மண்டலம் முழுவதையும் மிஞ்சிவிடும்! அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலுக்கு உரிய விதி. கூட்டலுக்கு அது பொருந்தாது.

5 வெள்ளியையும் 70 காசையும் கூட்டினால் 75 என்று யாரும் சொல்வதில்லை. 70 காசை 0.70 வெள்ளியாக மாற்றி, 5.70 வெள்ளி என்கிறோம். அறிவியல் குறியீட்டு முறையிலும் அப்படித்தான். 10²⁴ ஓர் அலகு; 10²² அதைவிட 100 மடங்கு சிறிய அலகு. முதலில் அலகை ஒன்றாக்க வேண்டும்.

படி 1: சிறிய அடுக்கைப் பெரிய அடுக்காக மாற்றுங்கள். அடுக்கு 2 கூடினால், தசமப் புள்ளி 2 இடம் இடப்பக்கம் நகரும்.
7.35 × 10²² = 0.0735 × 10²⁴

படி 2: முன்னால் உள்ள எண்களை மட்டும் கூட்டுங்கள். அடுக்கு மாறாது.
5.97 + 0.0735 = 6.0435

படி 3: முன்னால் உள்ள எண் 1 முதல் 10-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 6.0435 அப்படியே இருக்கலாம். பூமியின் பொருண்மை இரண்டு தசம இடங்களுக்கே தரப்பட்டிருப்பதால், விடை 6.04 × 10²⁴ கிலோகிராம்.

மூன்றாம் படி ஏன் தேவை? யுரேனஸ் 8.68 × 10²⁵ கிலோகிராம், நெப்டியூன் 1.02 × 10²⁶ கிலோகிராம். சிறிய அடுக்குக்கு மாற்றிக் கூட்டினால் 8.68 + 10.2 = 18.88. இது 10-ஐத் தாண்டிவிட்டது. எனவே 18.88 × 10²⁵ என்பதை 1.888 × 10²⁶ என்று திருத்தி, 1.89 × 10²⁶ என முழுமைப்படுத்த வேண்டும்.

இப்போது சூரியனுடன் பூமியைக் கூட்டுவோம். சூரியன் 1.989 × 10³⁰ கிலோகிராம். பூமி அதே அடுக்கில் 0.00000597 × 10³⁰. மூன்று தசம இடங்களில் விடை மீண்டும் 1.989 × 10³⁰! பூமியின் பொருண்மை சுழியம் ஆகிவிடவில்லை; சூரியனுக்குத் தரப்பட்ட எண்ணில் அவ்வளவு நுட்பமான இடம் இல்லை.

கணினியும் இப்படித்தான் அடுக்குகளைச் சமமாக்கிக் கூட்டுகிறது. ஆனால் 10-க்குப் பதில் 2-இன் அடுக்குகளைப் பயன்படுத்துகிறது. 32 பிட் மிதவைப் புள்ளி எண் முறையில் 16,777,216 உடன் 1-ஐக் கூட்டினால், விடை மாறாமல் 16,777,216 என்றே வரும். ஆயிரம் முறை ஒவ்வொன்றாகக் கூட்டினாலும் அதே விடைதான். ஆயிரம் ஒன்றுகளை முதலில் தனியே கூட்டி, பிறகு சேர்த்தால் 16,778,216 என்ற சரியான விடை கிடைக்கும். அதனால்தான் நீண்ட பட்டியலைக் கூட்டும்போது சிறிய எண்களிலிருந்து தொடங்குவது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்: வியாழன் 1.898 × 10²⁷ கிலோகிராம், சனி 5.68 × 10²⁶ கிலோகிராம். கூட்டுத்தொகை என்ன?

(விடை: 2.466 × 10²⁷ கிலோகிராம்)