நாட்டுப் படகுகளின் வரலாற்றைப் பேணுதல்

கற்கோயிலும் செப்பேடும் பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கின்றன. மரத்தாலும் கயிற்றாலும் ஆகிய படகு அவ்வாறு நிற்பதில்லை. உழைத்துத் தேய்ந்த படகு கரையிலேயே மட்கிப்போகும், அல்லது விறகாகும். எனவே, இந்தியக் கடற்கரையில் வழங்கிவந்த தொழிற்படகுகளின் வரலாற்றைப் பேணுவது, பிற தொல்பொருள்களைப் பேணுவதினும் கடினமான பணியாகும்.

அமைப்பும் காரணமும்

ஒவ்வொரு படகின் அமைப்பும் அதனதன் கடலுக்கேற்பத் தோன்றியதாகும். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. கரையோர அலைகளோ வலியவை. அங்கு வழங்கிய மசூலாப் படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டன. அலை வேகத்தில் படகு தரையில் மோதுங்கால், ஆணியிட்ட விறைப்பான இணைப்பு பிளவுபடக்கூடும். தைத்த இணைப்போ சற்றே வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலில் வந்த பயணிகளையும் சரக்குகளையும் இப்படகுகளே கரை சேர்த்தன. அதே கரையின் கட்டுமரமும் அலைக்கு அஞ்சாதது. அதன்மேல் நீர் ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தலாம்.

மாறுதல்

கேரளத்தில் 1952-ஆம் ஆண்டில் இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கப்பெற்று, இயந்திரப் படகுகள் பரவ வழி வகுத்தது. 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னர், கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின. இம்மாறுதலால் மீனவர்க்கு நன்மையுண்டு. பழைய கலத்திற்கே திரும்புமாறு அவர்களைக் கேட்பது முறையன்று. எனினும், பயன் குன்றிய படகோடு அதைக் கட்டும் அறிவும் மறைந்துவிடுதல் இழப்பேயாகும்.

பதிவு செய்யும் முறை

சென்னை மாகாண மீன்துறையின் டைரக்டராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு அமைப்புகளைப் பற்றிய தமது ஆய்வை 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இத்தகைய ஆவணங்களே இன்று ஒப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன. வெளித்தோற்றத்தைப் படமெடுப்பது மட்டும் போதாது. நீளம், அகலம், பலகையின் கனம், மரத்தின் வகை, தையல் துளைகளின் இடைவெளி, வேலையின் வரிசைமுறை ஆகிய யாவும் குறிக்கப்பெறல் வேண்டும். தச்சர் வரைபடமின்றிக் கண்ணளவாலும் கையளவாலும் பணி செய்பவராதலின், அவர் கூறும் விளக்கத்தையும், ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வூரில் வழங்கும் பெயரையும் உடன் எழுதிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

ஒரு படிப்பினை

பதிவின்மையால் விளையும் இடர்ப்பாட்டுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று உண்டு. அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பலை ஆதாரமாகக் கொண்டு, தைத்த மரக்கலம் ஒன்றைக் கட்டும் பணி 2023-ஆம் ஆண்டில் கோவாவில் தொடங்கியது. பழங்கப்பலின் வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. வடிவத்தை ஓவியத்திலிருந்தே ஊகிக்க வேண்டியிருந்தது. ஆயினும் கயிற்றால் தைக்கும் கைத்திறன் கேரளக் கைவினைஞரிடம் அழியாதிருந்தமையால் பணி கைகூடிற்று. 'கௌண்டின்யா' எனப் பெயர் பெற்ற அக்கலம் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் கடற்படையில் சேர்க்கப்பெற்றது.

ஓவியம் வடிவைக் காட்டிற்று. தைக்கும் முறையைக் கைகளே அறிந்திருந்தன. அவ்வறிவுடைய முதிய தச்சர்கள் கரையூர்களில் வாழும்போதே, அவர்தம் பட்டறைகளுக்குச் சென்று அதனை எழுதி வைத்தலே படகு வரலாற்றைப் பேணுவதன் முதற்படியாகும்.